வலது கை மரத்துப்போன வருடம்

என் மனைவி ரியாத்துக்குப் போன மூன்றாவது மாதம், என் வலது கைப் பெருவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையை இரண்டு தடவை உதறினால் சரியாகிவிடும். உதறிவிட்டு மறுபடி தட்ட உட்கார்ந்துவிடுவேன்.

அவள் தாதி. பயிற்சி முடித்த காலத்தில் அவளோடு படித்த நாலைந்து பேர் சவூதிக்குப் போனார்கள். அவளும் போவதாகத்தான் இருந்தது. அதற்குள் எங்கள் கல்யாணம், பிறகு மகள் பிறந்தது. இருபது வருடம் ஐப்போவிலேயே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். மகள் காம்பாரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விடுதிக்குப் போன அதே வாரம், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இப்பப் போலாமாங்க?" என்று கேட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. "போய்ட்டு வா" என்றேன். இரண்டு வருட ஒப்பந்தம். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் அப்போது அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரில் ஆள் இருக்கும்போது அப்படிச் சொல்வது சுலபம்.

எங்கள் வீடு செமோருக்குப் பக்கத்தில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறது. முன்பு ரப்பர்ப் பால்மரத் தோட்டமாக இருந்த இடம். வீட்டு வரிசைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மரங்கள் யாரும் வெட்டாமல் நிற்கின்றன. வெயில் காலத்தில் காய் வெடிக்கும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். தமிழ் நாடகங்களுக்கு மலாயில் வசன வரி எழுதுவது என் தொழில். கோலாலம்பூரில் இருக்கும் ஒரு நிறுவனம் நாடகத்தை அனுப்பும். ஒவ்வொரு வசனத்தையும் கேட்டு, மலாயில் மாற்றி, அது திரையில் எந்த நொடியில் வந்து எந்த நொடியில் போக வேண்டும் என்று குறிக்க வேண்டும். தட்டுவது, மௌஸைப் பிடித்து இழுப்பது, நிறுத்துவது, திரும்ப ஓடவிடுவது. பதினோரு வருடமாக இதே வேலைதான். கை ஒருநாளும் வலித்ததில்லை.

அவள் போன பிறகு வேலையைக் கூட்டிக்கொண்டேன். வாரத்துக்கு நாலு பகுதி செய்துகொண்டிருந்தவன் ஏழு கேட்டு வாங்கினேன். வீட்டில் சத்தமே இல்லை. நாடகத்தில் இருப்பவர்களாவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன்.

காலையில் மட்டும் வேலையைத் தொடமாட்டேன். ரியாத் நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால். இங்கே பத்து மணி ஆகும்போது அங்கே ஐந்து. அவள் எழுந்து தேநீர் போடுவாள். அந்த நேரத்துக்கு நான் எழுதியது அவளிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கணினியில்தான் தட்டுவேன், நீளமாக. பாசாரில் மீன்காரர் அவளை விசாரித்தது, பக்கத்து வீட்டு அக்கா பலாச்சுளை கொடுத்துவிட்டது, முன்கதவின் கீல் கிறீச்சிட ஆரம்பித்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவள் அதைப் படிப்பாள். ஒருநாள் பதில் எழுதியிருந்தாள்: "நாப்பது நிமிஷ பஸ். நீங்க எழுதுறது முப்பது நிமிஷத்துக்கு வருது. மிச்சம் பத்து நிமிஷம் புடிச்ச இடத்த மட்டும் திரும்பப் படிப்பேன்."

பெருவிரலுக்குப் பிறகு ஆட்காட்டி விரல், அதற்குப் பிறகு நடுவிரல். விடியும்போது கை பக்கத்தில் வேறு யாருடையதோ போலக் கிடக்கும். பல் துலக்கும்போது தூரிகை நழுவும். ஒரு காலையில் கோப்பிக் குவளை கையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், அது தரையில் விழுந்து உடைந்த பிறகுதான் கையில் இல்லை என்று தெரிந்தது. மணிக்கட்டில் ஆரம்பித்த வலி முழங்கை வரைக்கும் ஏறியது. வலியை வைத்துக்கொண்டு வசனம் தட்டினேன், அதற்குக் கெடு உண்டு. மனைவிக்கு எழுதுவதற்குக் கெடு கிடையாது. அதனால் அதுதான் சுருங்கியது. முப்பது நிமிஷம் இருபதானது, பத்தானது. கடைசியில் கைப்பேசியில் இடது கையால் இரண்டு வரி.

"உங்க மெசேஜ் சின்னதாயிட்டே வருது. என்ன விஷயம்?" என்று கேட்டாள்.

"வேலை கூடிப்போச்சு" என்று எழுதினேன்.

"சரி" என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் "சரி" என்று மட்டும் எழுதினால் அது சரி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். அங்கே பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவளிடம் என் கை வலிக்கிறது என்று சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கண்டுபிடித்தது மகள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போது சம்பால் போத்தலை இடது கையால் திருகிப் பார்த்து, முடியாமல் மேசையிலேயே வைத்துவிட்டேன். அவள் அதைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பெருவிரலுக்குக் கீழ சதை இறங்கின மாதிரி இருக்குப்பா. எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லாதே. கவலைப்படுவா."

"திங்கக்கிழமை கிளினிக் போங்க. போகலன்னா சொல்லிருவேன்."

போனேன். கிளினிக் மருத்துவர் பார்த்துவிட்டு, ஐப்போவில் பிசியோதெரபிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே என்னைப் பார்த்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப்பெண். முழங்கை வரை சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். எதைக் கேட்டாலும் பதில் வரும் வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எந்தெந்த விரல்ணே?"

காட்டினேன்.

"சுண்டு விரல்?"

"அதுல ஒன்னும் இல்லை."

"ரெண்டு புறங்கையையும் ஒன்னோட ஒன்னு ஒட்டுங்க. விரல் எல்லாம் கீழ பாக்கணும். அப்படியே ஒரு நிமிஷம் வச்சிருங்க."

அரை நிமிஷத்திலேயே மூன்று விரலிலும் எறும்பு ஊர ஆரம்பித்தது. சொன்னேன். போதும் என்றாள். மணிக்கட்டுக்குள் குறுகலான ஒரு வழி இருக்கிறது, விரலை மடக்கும் நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன, மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்து ஓயாமல் வேலை வாங்கினால் உள்ளே வீங்கி நரம்பு நசுங்கும் என்று விளக்கினாள். சுண்டு விரலுக்கு வேறு நரம்பு, அதனால்தான் அது தப்பித்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் அறுவை சிகிச்சைவரைக்கும் போயிருக்கலாம் என்றாள். மணிக்கட்டை நேராகப் பிடித்துவைக்கும் ஒரு கட்டுப் பட்டையைக் கொடுத்து, தூங்கும்போது போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"அடுத்த தடவ வரும்போது நீங்க உட்கார்ந்து வேலை செய்ற இடத்தப் படம் எடுத்துட்டு வாங்க. ஒதுக்கி வச்சு எடுக்கக் கூடாது லா. எப்படி இருக்கோ அப்படியே."

அடுத்த வாரம் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"இது சாப்பாட்டு மேசை."

"ஆமா."

"இந்த நாற்காலி இந்த மேசைக்கு உள்ளது இல்லையே. இவ்ளோ தாழ்வா இருக்கு. மேசை உங்க நெஞ்சுக்கு வருமே. இதுல உட்கார்ந்து தட்டுனா தோள் ஏறிக்கும், மணிக்கட்டு மடங்கும், மேசை விளிம்பு நேரா இங்க வந்து அழுத்தும்." என் மணிக்கட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு கோடு பதிந்திருந்ததை அன்றுதான் நானே பார்த்தேன். "பதினோரு வருஷமும் இங்கேயா உட்கார்ந்தீங்க?"

இல்லை. படுக்கையறையில் எனக்கு ஒழுங்கான மேசையும் நாற்காலியும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. மனைவியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாள் அங்கே போய் உட்கார்ந்தேன். பின்னால் கட்டில். அவள் பக்கத்துத் தலையணையில் அவள் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை. திரும்பிப் பார்க்காமல் அரை மணி நேரம்கூட என்னால் அங்கே இருக்க முடியவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். அவள் உட்காரும் பிரம்பு நாற்காலி கூடத்து மூலையில் கிடந்தது. கீரை ஆய்வதும் செய்தித்தாள் படிப்பதும் வேலை முடிந்து வந்ததும் காலை நீட்டிக்கொள்வதும் அதில்தான். அதை இழுத்துச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போட்டுக்கொண்டேன். அது தாழ்வாக இருப்பது எனக்குத் தெரிந்தது. அதில் உட்கார்ந்தால் அதன் முதுகு மெத்தையில் அவள் தலைக்கு வைத்த எண்ணெயின் வாசம் இருந்தது. எழுந்து வேறு நாற்காலிக்குப் போக மனம் வரவில்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "அது என் மனைவியோட நாற்காலி. அவங்க வெளிநாட்டுல வேலை செய்றாங்க" என்று மட்டும் சொன்னேன்.

கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நாற்காலிய தூக்கிப் போட வேணாம்ணே. அதுல உட்கார்ந்து கோப்பி குடிங்க, பேப்பர் படிங்க. தட்டுறதுக்கு மட்டும் வேற" என்றாள். பிறகு, "எவ்ளோ நேரத்துக்கு ஒருக்கா எழுந்திரிப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். மதியம் சாப்பிட ஒரு தடவை. கழிப்பறைக்கு ஒன்றிரண்டு தடவை. அவ்வளவுதான்.

"முன்னாடியும் அப்படித்தானா?"

முன்னால் அப்படி இல்லை. மனைவிக்குப் பெரும்பாலும் மாற்று வேலை நேரம். பகலில் பாதி நாள் வீட்டில்தான் இருப்பாள். என்னங்க, துணி காயப்போடணும் வாங்க. என்னங்க, இந்தத் தேங்காயக் கொஞ்சம் துருவித் தாங்க. என்னங்க, கேஸ் முடிஞ்சிருச்சு. என்னங்க, வெளிய வந்து பாருங்களேன், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு. ஒரு வசனத்தில் பாதியை முடித்திருப்பேன், கூப்பிடுவாள். சலித்துக்கொண்டே எழுந்து போவேன். ஒருநாளும் சலிக்காமல் போனதில்லை. பதினோரு வருடம் என் கைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு நான் கெட்டிக்காரனாக இருந்தது காரணமில்லை. அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட ஒருத்தி இருந்தாள்.

அன்று வண்டியை எடுக்காமல் பிசியோதெரபி நிலையத்துக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரத்துக்கு வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மற்றத் தட்டச்சு எதுவும் கூடாது, கைப்பேசியில் பெருவிரலால் எழுதுவதும் கூடாது என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்தாள். ஆகவே மனைவியிடம் இனிப் பேசித்தான் அனுப்ப வேண்டும். மறுநாள் காலை குரல் பதிவு செய்ய உட்கார்ந்தேன். மூன்று தடவை பேசி மூன்று தடவையும் அழித்தேன். ஊரார் பேச்சைக் கேட்டு வரி எழுதிப் பழகியவனுக்குத் தன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. நாலாவது தடவை, கை விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நாற்காலியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் ஓடியது. அனுப்பிவிட்டேன்.

பதில் எழுதாமல் அவளே அழைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மருத்துவமனை வாசலில் நிற்பதாகச் சொன்னாள்.

"ரெண்டு மாசமா நான் என்ன நினைச்சிட்டு இருந்தேன் தெரியுமா?"

"என்ன?"

"நான் வந்தது உங்களுக்குக் கோவம்னு நினைச்சேன். வாயால போகச் சொல்லிட்டு இப்ப வெறுத்துப்போய்ட்டீங்கன்னு. ஒப்பந்தத்த முறிச்சிட்டு வந்தா என்ன ஆகும்னு போன வாரம் இங்க ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டு வந்தேன்."

"கோவம் இல்லம்மா. கைதான்" என்றேன்.

"நான் தாதி. எத்தனை பேருக்கு அந்தப் பட்டை மாட்டி விட்டிருக்கேன். என் புருஷன் கைய நான் பாக்கல." அவளுக்குப் பின்னால் இன்னொரு பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "நேரமாச்சு, உள்ள போறேன். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வீடியோவுல வாரேன். மேசைய நான் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை மதியம் மகளும் இருந்தாள். அவள் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, மனைவி ரியாத்திலிருந்து வீட்டை ஒழுங்கு செய்தாள். படுக்கையறை மேசையைக் கூடத்துச் சன்னலோரம் கொண்டுவரச் சொன்னாள். மகளும் நானும் இழுத்தோம். அதிலும் என்னை இடது கையை மட்டும் போடச் சொன்னாள். மடிக்கணினிக்கு அடியில் பழைய அகராதிகளை அடுக்கித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினோம். விசைப்பலகையும் மௌஸும் தனியாக, உடம்புக்குக் கிட்டே. என்னைப் பக்கவாட்டில் உட்காரவைத்து மகளைப் படம் காட்டச் சொன்னாள்.

"தோளத் தொங்க விடுங்க. இன்னும். முழங்கை விலாவுக்குப் பக்கத்துல வரணும். மணிக்கட்டு நேரா இருக்கட்டும், மேசையில ஊனாதீங்க. மௌஸ ஏன் இப்படிக் கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிக்கிறீங்க? விரல் அது மேல சும்மா கெடந்தா போதும். நாள்ல பாதி நேரம் இடது கையில புடிச்சுப் பழகுங்க."

எல்லாம் முடிந்த பிறகு, "என் நாற்காலி எங்க?" என்று கேட்டாள்.

மகள் கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பினாள். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் அது அப்படியே இருந்தது. மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"அதுலயா உட்கார்ந்து இத்தனை நாளும் தட்டுனீங்க?"

"ம்."

"மெத்தைய மாத்துனீங்களா?"

"இல்லை. துவைக்கவும் இல்லை."

மகள் கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திரையில் மனைவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தோம். அதற்கு முன் அத்தனை மாதத்தில் நாங்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அதன் பிறகு கை மெல்ல மெல்லத் தெளிந்தது. காலையில் வெந்நீரில் கையை ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு, அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி விரல்களை நேராக நீட்டி, கொக்கி போல மடக்கி, முழுக்க மூடி, மறுபடி நீட்டுவேன். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்க, சமையலறை மணியைத் திருகி வைத்தேன். அது அடிக்கும்போது எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. முதல் சில நாள் மணியை அணைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்றேன். பிறகு ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வேலையை ஒதுக்கிவைத்தேன். துவைத்த துணியை ஒரே தடவையில் காயப்போடாமல் நாலு தடவையாகப் பிரித்தேன். அவள் சேலை ஒன்றுகூட அந்தக் கொடியில் இல்லை. என் சட்டைகளை மட்டும் தொங்கவிட்டுவிட்டு வருவேன்.

எழுத்து போய்விட்டதே என்று இரண்டு பேருக்கும் குறைதான். குரலைத் திரும்பப் படிக்க முடியாது என்றாள். ஆனால் ஒருநாள், "நேத்து நீங்க பேசும்போது பின்னால ரொட்டிக்காரர் ஹாரன் அடிச்சார். அந்த இடத்த மட்டும் பஸ்ல நாலு தடவ கேட்டேன்" என்று சொன்னாள். அன்றிலிருந்து ரொட்டிக்காரர் எங்கள் ரோட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். கீல் கிறீச்சிடுவது அவளுக்குக் கேட்கட்டும் என்று முன்கதவை ஒரு தடவை வேண்டுமென்றே திறந்து மூடினேன்.

பதினாலாவது மாதம் மூன்று வார விடுமுறையில் வந்தாள். வந்து குளித்துவிட்டு முதல் காரியமாக என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கண்ண மூடுங்க. நான் தொடுறது எந்த விரல்னு சொல்லுங்க." ஊசி முனை அளவுக்கு மெதுவாகத் தொட்டாள். பெருவிரல். சொன்னேன். ஆட்காட்டி. சொன்னேன். நடுவிரலைத் தொட்டபோது நன்றாகத் தெரிந்தது. "தெரியல" என்றேன். மறுபடி தொட்டாள். "இப்பவும் தெரியல." இன்னொரு தடவை தொட்டாள். பிறகு சிரித்துவிட்டாள். ஆனால் கையை விடவில்லை.

அந்த மூன்று வாரமும் நான் வேலை எடுக்கவில்லை. என்னங்க என்று அவள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் போனேன். கூப்பிடாதபோதும் போனேன். திரும்பிப் போகும் நாள் அவள் பெட்டியை என் வலது கையில் தூக்கினேன். பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது கை முக்கால்வாசி சரியாகிவிட்டது. வேலை கூடிய நாட்களில் விரல் நுனியில் மட்டும் லேசாகக் குறுகுறுக்கும். உடனே எழுந்துவிடுவேன். கடைசியாகப் பார்த்தபோது பிசியோதெரபிப் பெண், "இனிமே வலிச்சா மட்டும் வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டாள். காலையில் மறுபடி கொஞ்சம் எழுதவும் செய்கிறேன், பத்து நிமிஷத்துக்கு வரும் அளவுக்கு. மிச்சத்தைப் பேசிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

போன வாரம் ஒரு காலையில், வழக்கத்துக்கு மாறாக, பஸ்ஸிலிருந்தே அழைத்தாள்.

"பேசாதீங்க. இதக் கேளுங்க" என்றாள்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கரகரவென்று இருந்தது. பிறகு கண்ணாடிச் சன்னலை அவள் இழுத்துத் திறந்திருக்க வேண்டும், சத்தம் பெரிதானது. மழை. அங்கே பல மாதத்துக்குப் பிறகு அவள் பார்த்த முதல் மழை. பஸ்ஸுக்குள் எல்லாத் தாதிகளும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கைப்பேசி பிடித்த கையை அவள் வெளியே நீட்டியிருந்தாள் போலிருக்கிறது, தண்ணீர் கைப்பேசியில் படும் சத்தம் வந்தது.

எங்கள் தாமானில் அன்று நல்ல வெயில். நான் வாசலில் நின்று, பஸ் அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து அழைப்பு அறுந்துபோகும் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.